ஸ்கைரிமா, எல்டன் ரிங்கா? அடி அண்ணாமலையில் நின்று பார்த்தால்...

ஸ்கைரிம் உசத்தியா, எல்டன் ரிங் உசத்தியா என்று சண்டை போடுகிறவர்கள் வரைபடத்தின் பரப்பளவில் ஆரம்பித்து டிராகன்களின் எண்ணிக்கையில் முடிப்பார்கள். இரண்டும் வீண் வேலை. திறந்த உலக விளையாட்டில் மணிக்கணக்கில் செய்வது நடப்பதுதான். அந்த நடை எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை!

நடப்பதைப் பற்றித் திருவண்ணாமலைக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே. அடி அண்ணாமலை மலைக்குப் பின்னால், மேற்கே. முதல்முறை வருகிறவர்கூட வழி கேட்டுத் தவிப்பதில்லை. மலை வலக்கைப் பக்கம் இருக்கிறதா? சரி, நட. கோயில் வாசலில் பார்த்த மலை, அடி அண்ணாமலைக்கு வருவதற்குள் வேறு மலை போல ஆகிவிடும். எவ்வளவு தூரம் வந்தாயிற்று என்பதை அந்த வடிவமே சொல்லிவிடும்.

2011-ல் பெதெஸ்டா வெளியிட்ட ஸ்கைரிமிலும் கிட்டத்தட்ட இப்படி ஒரு யாத்திரை உண்டு. ஐவர்ஸ்டெட் என்ற கிராமத்திலிருந்து மலைமேல் இருக்கும் ஹை ஹ்ரோத்கார் மடத்துக்கு ஏழாயிரம் படிகள். (எண்ணினால் ஆயிரம்கூடத் தேறாது, அது வேறு கதை.) வழியில் பத்துக் கல்வெட்டுகள். பத்தையும் நின்று படித்தால், ஒரு நாள் முழுக்கக் காட்டு விலங்குகள் தாக்காது என்று வரம். அஷ்ட லிங்கத்தில் ஒன்றைக்கூட விடாமல் கும்பிட்டு வருகிறவருக்கு இது சட்டென்று புரியும். அருமையான யோசனைதான்.

ஆனால் திரையின் மேலே ஒரு திசைகாட்டி, அதில் ஓர் அம்புக்குறி. கண் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. கிரிவலம் முழுக்கச் செல்போன் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவருக்கு மலை எப்படித் தெரியும்?

"வேண்டாமென்றால் அணைத்துக்கொள்ள வேண்டியதுதானே" என்பார்கள் ஸ்கைரிம் ரசிகர்கள். அணைக்கலாம். அணைத்தபின் எங்கே போவது? வேலை கொடுக்கிற ஆள் குகையின் பெயரைச் சொல்வான். வழியைப் பெரும்பாலும் சொல்லமாட்டான். அம்புக்குறி இருக்கிற தைரியத்தில் எழுதிய வசனம் அது. இதே நிறுவனத்தின் மாரோவிண்டில் (2002) ஊர்க்காரர்கள் பாலத்தையும் பாறையையும் அடையாளம் சொல்லி வழி காட்டினார்கள். 2006-ல் ஆப்லிவியன் வந்தது, அம்புக்குறி வந்தது, வழி சொல்கிற வழக்கமும் போய்ச் சேர்ந்தது. தெரியாமல் செய்த தவறல்ல, தெரிந்தே கைவிட்டது.

ஃப்ரம்சாஃப்ட்வேரின் எல்டன் ரிங் (2022) இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. ஒரு பிரம்மாண்டமான தங்க மரம். தரைக்கு மேலே அநேகமாக எங்கே நின்றாலும் தெரியும். மரம் இருக்கும் பக்கத்தை வைத்துத் திசை பிடித்துக்கொள்ளலாம். ஆரம்பத்திலேயே குதிரைமேல் தங்கக் கவசம் போட்ட வீரன் ஒருவன் உலாவுவான். புதியவர் மோதுவார், சாவார். மறுபடி மோதுவார், மறுபடி சாவார். விளையாட்டு வாயே திறக்காது. சுற்றிப் போகலாமே என்று தானாக உறைக்கிற நிமிடத்தில்தான் அந்த உலகம் திறக்கிறது. ஸ்டார்ம்வெயில் கோட்டை வழியில் நிற்கும் மார்கிட்டும் அப்படித்தான். தெற்கே போய் ஊர் சுற்றித் தேறி வந்தவருக்கே வழி விடுவான்.

இளைப்பாறும் இடங்களில் ஓர் ஒளிக்கீற்று திசை காட்டுகிறதே, அது மட்டும் அம்புக்குறி இல்லையா? நியாயமான கேள்வி. அது பக்கத்தை மட்டும் காட்டும், பாதையைக் காட்டாது. அதை நம்பி நேராகப் போனவர்களைத்தான் மார்கிட் கவனித்துக்கொள்கிறானே!

எல்டன் ரிங்கில் குறை இல்லாமல் இல்லை. அது ஆளில்லாத ஊர். புத்தி தெளிந்தவர்கள் சிலரே, அவர்களும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். ஸ்கைரிமின் வைட்ரன் நகரத்தில் கடைக்காரர்கள் இரவானால் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போவார்கள். டீக்கடையும் சாமியார்களும் இல்லாத கிரிவலப் பாதையை நினைத்துப் பார்த்தால் இந்த இழப்பு தெரியும். இதில் ஸ்கைரிம் பல படி மேலே. ஆனாலும் நடை என்று வந்தால் எல்டன் ரிங்தான்.

ஸ்கைரிமை இனிமேல் ஆரம்பிக்கப் போகிறவர்கள் ஐவர்ஸ்டெட் வரை அம்புக்குறியோடு போகட்டும். கிராமத்துப் பாலத்தைத் தாண்டியதும் பணிப்பட்டியலில் தேர்வை நீக்கிவிடலாம். படிகள் எப்படியும் மேலேதான் போகின்றன. பாதி வழியில் வெள்ளை ரோமத்தோடு பனிப்பூதம் ஒன்று காத்திருக்கும்; அதற்கு எந்தத் திசைகாட்டியும் உதவாது.