சர்க்கரையை மறைத்து வாங்கும் பாலிசி

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் பாலசமுத்திரம் போன்ற எல்லையோர ஊர்களிலிருந்து பெரியவர்கள் அமெரிக்காவுக்குக் கிளம்புவது இப்போது அதிசயம் இல்லை. மகளுக்குப் பிரசவம், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று போன் வந்தால் அறுபதைத் தாண்டிய அம்மாவும் அப்பாவும் ஆறு மாதத்துக்குப் பெட்டி கட்டுகிறார்கள். பருப்புப்பொடி, ஊறுகாய், மாத்திரை எல்லாம் எடை பார்த்து அடுக்கப்படுகின்றன. மருத்துவக் காப்பீடு மட்டும் டிக்கெட் போடும் ஏஜென்ட் கடையில் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. "சுகர், பிரஷர் இருக்கான்னு கேட்டிருக்கான். இல்லைன்னு போட்டுடலாம், ஒண்ணும் ஆகாது" என்பதுதான் அங்கே கிடைக்கும் ஆலோசனை.

இந்த ஆலோசனை ஒரு குடும்பத்தையே கடனில் தள்ளக்கூடியது. அங்கே நெஞ்சு வலி என்று மருத்துவமனைக்குப் போனால், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். பெரியவர் உண்மையைச் சொல்வார். சிகிச்சை சரியாக நடக்க அதைச் சொல்லியும் ஆக வேண்டும். பத்து வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கிறார் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி ஏறும். அந்த வரியையும், படிவத்தில் டிக் செய்த 'இல்லை'யையும் காப்பீட்டு நிறுவனம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கிளெய்ம் செத்துவிடுகிறது. ஆந்திராவுக்கான காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் ஹைதராபாத்தில் இருக்கிறார். அவரிடம் புகார் கொடுக்கக் கட்டணமும் கிடையாது. ஆனால் நாமே பொய் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு அவரிடம் என்ன கேட்பது?

அவசர நிலையில் வருபவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என அமெரிக்காவில் 1986 முதல் சட்டம் இருக்கிறது. உயிரைக் காப்பாற்றிவிடுவார்கள். பில் பின்னால் வரும். சில நாள் படுத்தாலே பல்லாயிரம் டாலர் ஆகலாம். இங்கே கைகொடுக்கும் ஆந்திர அரசின் என்டிஆர் வைத்திய சேவையும் ஆயுஷ்மான் அட்டையும் அங்கே செல்லாது. அந்த நாட்டு முதியோருக்கான மெடிகேரும், பிள்ளையைப் பார்க்கப் போனவருக்குக் கிடையாது.

உண்மையைச் சொல்லி வாங்கினாலும் கவனம் தேவை. முதல் பக்கத்தில் 50,000 டாலர் என்று பெரிதாக இருக்கும். உள்ளே, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒவ்வொரு நோய்க்கும் இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு ஒளிந்திருக்கலாம். பழைய நோயால் வரும் சிக்கலுக்குச் சில பாலிசிகள் பணமே தராது. சில, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் தரும். அமெரிக்க நிறுவனங்கள் விற்கும் விசிட்டர் பாலிசிகளிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கொடுத்து ஒதுங்கிக்கொள்வது. மற்றது, ஆரம்பத்தில் நம் பங்கு போக மீதி பில்லைப் பெருமளவு ஏற்பது. இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும் என்பது நம் கருத்து. பிரீமியம் கையைக் கடித்தால் நம் பங்கான டிடக்டிபிளை உயர்த்திக்கொள்ளலாம், பாதுகாப்பை வெட்டக் கூடாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு இல்லாமல் விசாவே தருவதில்லை. அமெரிக்க விசிட்டர் விசாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் பொறுப்பு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுகிறது.

ஆனால் எல்லாவற்றையும் குடும்பத்தின் மேல் போட்டுவிட்டு அரசு விலகி நிற்கக் கூடாது. உள்நாட்டு மருத்துவக் காப்பீட்டுக்கு 2020இல் 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்ற பொதுவான பாலிசியைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்தது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் விதிகள் ஒன்றே, விலை மட்டும் மாறும். வெளிநாடு செல்லும் முதியோருக்கும் அப்படி ஒரு பாலிசி வேண்டும். வயதுக்கும் நாட்டுக்கும் ஏற்ப ஆபத்து மாறுமே என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். அதற்கேற்ப விலையை மாற்றிக்கொள்ளட்டும். பழைய நோய் என்றால் எது, அவசரம் என்றால் எது என்ற விளக்கம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாற என்ன நியாயம் இருக்கிறது?

மொழியும் இதில் சேர்ந்ததுதான். பாலிசியின் சாரத்தை எளிய தாளில் தர வேண்டும், கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்ற விதி 2024 ஜனவரி 1 முதல் இருக்கிறது. கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. நம் எல்லையோரத்தில் உள்ளூர் மொழி தெலுங்கு மட்டும் அல்ல. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவிலிருந்து திருத்தணியும் பள்ளிப்பட்டும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எல்லைக்கு இந்தப் பக்கம் நின்ற தமிழ் வீடுகளில் இன்றும் பேச்சு தமிழில்தான். சித்தூர் மாவட்டத்தில் அந்தத் தாள் தெலுங்கிலும் தமிழிலும், கேட்காமலே கொடுக்கப்பட வேண்டும்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களின் நிலை இன்னும் கவலை தருகிறது. பத்தாம் வகுப்பு தேறாமல் வேலைக்குப் போகிறவர்களுக்குப் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய்தான் பிரீமியம். விபத்தில் இறந்தால் 10 லட்சம் கிடைக்கும். ஆனால் சிகிச்சைக்கு 1 லட்சம் வரைதான், ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் 50,000 வரைதான். பத்தாவது தேறிய டிரைவருக்கு இந்தக் கட்டாயமும் இல்லை. விசிட் விசாவில் குவைத்துக்கு வேலைக்கு அனுப்பப்படும் பெண், இந்த ஏற்பாட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறாள். வேலைக்காக வளைகுடா போகும் எல்லாருக்கும், படிப்பு எதுவானாலும், இந்தத் திட்டம் கட்டாயமாக வேண்டும். சிகிச்சைத் தொகையும் உயர வேண்டும்.

வெளிநாடு கிளம்பும் பலர் திருப்பதி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்கு ஒருமுறையாவது வருகிறார்கள். சர்க்கரையையும் பிரஷரையும் மறைக்காமல் எழுதுங்கள், உச்சவரம்பைக் கேளுங்கள், மருத்துவமனையில் சேர்ந்ததும் பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள் என்று இரு மொழியிலும் அச்சிட்ட ஒரு பக்கத்தை அங்கேயே கையில் கொடுக்கலாம். மாவட்ட நிர்வாகம் இந்த வேலையை இந்த ஆண்டே தொடங்கட்டும்.