தண்டவாளத்தில் குண்டு வைத்தால் விடிந்துவிடுமா?

வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் (2023) கவிழ்ந்து கிடக்கும் ஒரு ரயிலோடு தொடங்கும். நசுங்கிய பெட்டிகள், அலறல், பிணங்கள். படத்துக்கு இசை பண்ணைப்புரத்து இளையராஜா. கதையில் வரும் ஊர் கற்பனைதான். ஆனால் அப்படி ஒரு நாள் தமிழ்நாட்டில் நிஜமாகவே வந்தது.

1987 மார்ச் 15. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போன மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தில் வைக்கப்பட்ட குண்டால் கவிழ்ந்தது. இருபது பேருக்கு மேல் செத்தார்கள். செய்தது தமிழரசன் தலைமையிலான தமிழ்நாடு விடுதலைப் படை. சொன்ன காரணம், ஈழத் தமிழர் பிரச்சினையில் டெல்லியின் போக்கு.

சரி, டெல்லி மீது கோபம். செத்தது யார்? திருச்சிக்கு டிக்கெட் எடுத்த சாதாரண சனம்! தமிழனுக்காக வைத்த குண்டு தமிழனைத்தான் கொன்றது.

"முன்கூட்டியே எச்சரித்தார்கள், அதிகாரிகள்தான் ரயிலை நிறுத்தவில்லை" என்று ஆதரவாளர்கள் இன்றும் சொல்வதுண்டு. அப்படியே இருக்கட்டும். தகவல் சொல்லிவிட்டால் குண்டு வைத்தவனின் பொறுப்பு கேட்டவன் தலைக்குப் போய்விடுமா? ஒரு தகவல் சேராமல் போனால் பெட்டி நிறைய பிணம் விழும் என்று தெரிந்தேதானே வைத்தார்கள்?

இதே மருதையாற்றில் 1956 நவம்பர் 23 அன்று வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்தது. நூறு பேருக்கு மேல் பலி. வெள்ளம் செய்த வேலைக்கு லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியை விட்டு இறங்கினார். 1987-ல் வெள்ளம் இல்லை, மனிதக் கை. அதற்குத் தார்மீகப் பொறுப்பு ஏற்க ஆள் இல்லை. விளக்கம்தான் இருக்கிறது.

தமிழரசன் சாதாரண ரவுடி அல்ல. பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர், சாதி ஒழிப்பைப் பேசியவர். அதனால்தான் கேள்வி இன்னும் கடுமையாகிறது. 1987 செப்டம்பர் 1-ல் பொன்பரப்பியில், வங்கிக் கொள்ளையின்போது அவர் அடித்தே கொல்லப்பட்டார். அடித்தது பொதுமக்களா, மஃப்டி போலீசா என்ற சண்டை ஓயவில்லை. அடித்தவர் யாராயினும் அதுவும் கொலைதான். ஆனால் அவர் சாவுக்கு நியாயம் கேட்பவர்கள், மருதையாற்றில் செத்தவர்களுக்கும் கேட்க வேண்டாமா?

அதே பண்ணைப்புரத்திலிருந்து இன்னொரு வழியும் புறப்பட்டது. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலையேறி, தோட்டத் தொழிலாளர் மத்தியில் பாடினார். கட்சி ஜெயித்தது.

பாட்டுப் பாடினால் புரட்சி வருமா என்று சிரிக்கலாம். வராமலே போகலாம். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்க வந்தவர்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. மக்களுக்கான போராட்டம் என்றால் முதல் தகுதி அதுதானே?