இல்லாத கண்டம் எப்படி மூழ்கும்?

குமரிமுனைக்குத் தெற்கே மடகாஸ்கர் வரை ஒரு பெருங்கண்டம் கிடந்ததாம். தமிழன் அங்கேதான் பிறந்தானாம். கடல் அதை விழுங்கிவிட்டதாம். மேடைதோறும் இந்த முழக்கம். ஆதாரம் கேட்டால், அறிவியலே லெமூரியா என்று பெயர் வைத்திருக்கிறதே என்கிறார்கள். வைத்தது உண்மை, ஆனால் அது 1864-இல். மடகாஸ்கரின் லெமூருக்கு உறவான தேவாங்கு இந்தியாவிலும் இருக்கக் கண்ட ஆங்கில விலங்கியலாளர் ஸ்கிளேட்டர், நடுவே நிலம் இருந்திருக்கும் என ஊகித்தார். கண்டங்கள் நகரும் என்பதை அன்றைய அறிவியல் அறியாது.

அந்த ஊகத்துக்கு முடிவு கட்டியது பாறைக்குள் உறைந்த காந்தம். எரிமலைக் குழம்பு ஆறி 580 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது, அதிலுள்ள மேக்னடைட் துகள்கள் அன்றைய புவிக்காந்தத்தின் திசையைப் பதித்துக்கொள்கின்றன. அந்தத் திசை நிலநடுக்கோட்டில் படுகிடையாக இருக்கும். துருவத்தில் செங்குத்தாக நிற்கும். சாய்வை அளந்தால் பாறை பிறந்த அட்சரேகை தெரிந்துவிடும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்த தக்காண எரிமலைப் பாறைகளின் சாய்வு, அவை தெற்கே சுமார் 30 டிகிரியில் பிறந்ததைக் காட்டுகிறது. இன்று மும்பை வடக்கே 19 டிகிரியில் இருக்கிறது. நிலமே நகர்ந்து வந்திருக்க, தேவாங்குக்குப் பாலம் எதற்கு?

கடலடியின் சாட்சி இதைவிடக் கடுமையானது. இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடர்மீது 1962-இல் ஒரு பிரிட்டிஷ் கப்பல் காந்த அளவெடுத்தது. அதை ஆராய்ந்த பிரிட்டிஷ் புவியியலாளர்கள் வைனும் மாத்யூஸும் 1963-இல் விளக்கம் தந்தார்கள்: மலைத்தொடரின் நடுப்பிளவில் புதுப்பாறை பிறந்து இருபுறமும் விலகுகிறது, புவிக்காந்தம் தலைகீழாகும்போதெல்லாம் அதில் நேரும் எதிருமாகப் பட்டைகள் பதிகின்றன. பட்டைகளை எண்ணிக் கடல்தளத்தின் வயதைச் சொல்லலாம். கண்டம் மூழ்கியதாகச் சொல்லும் அதே கடலில் கிடைத்த சாட்சி இது. அந்தத் தளம் கடலடியிலேயே பிறந்த எரிமலைப் பாறை. மூழ்கிய நாட்டின் தரை அல்ல.

மொரீஷியஸில் பழங்கண்டத் துணுக்கு கிடைத்ததே என்று 2013-ஆம் ஆண்டுச் செய்தியைக் காட்டுவோர் உண்டு. அந்தத் துணுக்கு சிதறியது மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு.

சிலப்பதிகாரம் பேசும் கடல்கோளை நான் மறுக்கவில்லை. கடைசிப் பனியுகத்தின் உச்சத்துக்குப் பின் கடல் சுமார் 120 மீட்டர் உயர்ந்தது. கரையோர நிலம் போயிருக்கும். ஆனால் கரை வேறு, கண்டம் வேறு. கண்டம்தான் என்று இன்னமும் சாதிப்பவர்கள், அந்தப் பட்டைகளுக்கு நடுவே அதை எங்கே வைப்பார்கள் என்று காட்டட்டும்.