இயற்கையின் மேல் ஒரு பழி

நாளேடுகளின் மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். படிப்பு, வயது, வேலை என்ற தகுதிகளின் நடுவே 'சிவந்த நிறம்' என்ற இரு சொற்களும் வந்து அமர்ந்துகொள்கின்றன. நம் மகள் கறுப்பாயிருந்தால் 'மாநிறம்' என்று எழுதிக் கொடுக்கிறோம். பெற்ற பிள்ளையைப் பற்றிய உண்மையைச் சொல்லவே கூசுகிறோம். ஏன் என்று கேட்டால், "அழகை விரும்புவது இயற்கைதானே!" என்கிறோம். கற்றோர் சிலர் ஒரு படி மேலே சென்று, பரிணாமமே இவ்விருப்பத்தை நம் குருதியில் எழுதிவைத்ததாகச் சொல்கின்றனர். இது இயற்கையின் மேல் நாம் சுமத்தும் வீண்பழி.

பரிணாமம் உண்மையில் என்ன சொல்கிறது? இணையைத் தெரிந்துகொள்ளும் விருப்பமே உயிரினங்களின் எழிலை வளர்த்தது என்று 1871-இல் டார்வின் எழுதினார். ஆண்மயிலின் தோகையைச் சான்று காட்டினார். நலமான உடலையும் தெளிந்த தோலையும் கண் நாடுவதற்கு அத்தகைய காரணம் இருக்கலாம்; நாம் மறுக்கவில்லை. ஆனால் மனித உடலின் அழகுக்கு உலகம் முழுமைக்குமான ஒரே அளவுகோல் கிடையாது என்பதையும் அதே நூலில் அவர் சொல்லிச் சென்றார். அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம்.

நிறத்தின் கதையோ வேறு. தோலின் நிறம் அந்தந்த நிலத்தில் விழும் புறஊதாக் கதிர்களின் அளவுக்கேற்ப அமைந்தது என்பதை நீனா ஜப்லான்ஸ்கி, ஜார்ஜ் சாப்ளின் இருவரும் 2000-ஆம் ஆண்டில் விளக்கினர். கருவின் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஃபோலேட் சத்தைக் கடும் வெயில் அழிக்காதபடி மெலனின் என்னும் நிறமி காக்கிறது. வெயில் குன்றிய வடபுலங்களில், உடல் வைட்டமின் டி சத்தை ஆக்கிக்கொள்ள வெளிர்தோல் துணைசெய்தது. ஆக, நம் கறுப்பு குறையன்று. பிறக்கவிருக்கும் மழலைக்காக இயற்கை விரித்த குடை.

நம் முன்னோரும் இதனை இழிவாகக் கருதினாரில்லை. சங்க அகப்பாடல்கள் மாந்தளிர் போன்ற மாமை நிறத்தையே தலைவியின் எழிலாகப் போற்றின. பிரிவில் வாடியவளின் மேனி வெளிறிப் படர்ந்த பசலை, துயரின் அடையாளம். அவர்கள் துயரமாகக் கண்ட வெளிறலை நாம் கடையில் விலைகொடுத்து வாங்குகிறோம்!

இடையில் நேர்ந்தது என்ன? வெயிலில் உழைத்தவர் கறுத்தனர். நிழலில் அமர்ந்து ஏவியவர் வெளுத்திருந்தனர். வெளுப்பு, உழைக்கத் தேவையற்ற வாழ்வின் முத்திரையாயிற்று. சாதிச் செருக்கு அதற்கு அரியணை இட்டது; வெள்ளையர் ஆட்சி முடிசூட்டியது. எஞ்சியதை வணிகம் செய்து முடித்தது. 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு சந்தைக்கு வந்தது. களிம்பு பூசி வெளுத்த பிறகே பெண்ணுக்கு வேலையும் மணமும் கைகூடும் என்ற கதை தொலைக்காட்சி வழியே வீடுதோறும் நுழைந்தது. கறுத்த நிறத்தைத் தாழ்வாகக் காட்டலாகாது என்று விளம்பரத் தர மன்றம் நெறி வகுக்க 2014 ஆயிற்று. 2020-இல் களிம்பின் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' என மாறியது. கண்ணாடி முன் நிற்கும் பெண்ணின் ஏக்கம் மாறியதா? 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், வேறு சில வெளுப்புக் களிம்புகளைப் பூசியவர்கள் சிறுநீரக நோய்க்கு ஆளானது கண்டறியப்பட்டது. பாதரசம் கலந்த களிம்பு தோலோடு நிற்பதில்லை.

வணிகரை மட்டும் ஏசிப் பயனில்லை. பிறந்த குழந்தையைப் பார்க்கச் சென்று, "நிறம் யாரைப் போல?" என்று முதலில் கேட்பவர் நாம். 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்று பழமொழி பேசிவிட்டு, பெண் பார்க்கப் போகும் வீட்டு வாசலில் அதைக் கழற்றி வைப்பவரும் நாமே. பரிணாமம் தந்ததை மாற்ற யுகங்கள் வேண்டும். பழக்கம் தந்ததை மாற்ற ஒரு தலைமுறை போதும். அடுத்த முறை மண விளம்பரம் எழுத அமரும்போது, நிறம் என்ற சொல்லை எழுதாமல் விடுவோம். அந்த வெற்றிடத்தில் நம் மகள் தலைநிமிர்ந்து நிற்பாள்.