மேடையில் நிற்கும் படக்கருவி

பயணம் போவாரும் அல்லர், வழியனுப்ப வந்தாரும் அல்லர். ஆயினும் புகையிரத நிலைய மேடையில் வந்து நிற்கும் ஒரு கூட்டத்தார் இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நம் மலையகத்தில் தோன்றியுள்ளனர். பெரும்பாலோர் இளைஞர். வளைவில் இயந்திரத்தின் முகம் தெரியும்வரை காத்திருந்து, அதன் வரவையும் ஒலியையும் கைத்தொலைபேசியில் பதித்துக்கொண்டு, வண்டி சென்றதும் தாமும் சென்றுவிடுவர். இதனை வீண்பொழுது என்று கடிவோர் பலர். ஆசிரியர் கூட்டத்தில் கேட்டால் ஏறத்தாழ எல்லோரும் அவ்வாறே கடிவர். நான் அக்கட்சியைச் சேர்ந்தவன் அல்லேன்.

இவ்வார்வம் நேற்றுத் தோன்றியதன்று. சினிமாவின் பிள்ளைப் பருவத்திலேயே, பிரான்சு நாட்டின் லா சியோத்தா நிலையத்தில் வண்டி வந்து நிற்பதை லூமியேர் சகோதரர்கள் மேடையிலிருந்து படம் பிடித்து, 1896-இல் மக்களுக்குக் காட்டினர். இங்கிலாந்தில் 1942 முதல் இயன் ஆலன் என்பார் இயந்திரங்களின் எண்களைத் தொகுத்துச் சிறு நூல்களாக வெளியிட, பள்ளிச் சிறுவர் மேடைதோறும் குறிப்பேட்டுடன் நின்றனர். அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை, மறைந்துகொண்டிருந்த நீராவி இயந்திரங்களை இரவு நேரங்களில் விளக்கொளி பாய்ச்சிப் படமெடுத்தார். அவர் படங்களில் இயந்திரத்தோடு அவ்வூர் மாந்தரும் இருக்கின்றனர். இதனை நம்மவர் கருத வேண்டும்.

நல்லதண்ணியில் தண்டவாளம் இல்லை. சிவனொளிபாத மலைக்கு வரும் அடியார் அட்டனில் இறங்கி, மஸ்கெலியா வழியாகப் பஸ்ஸில் வருவதே வழக்கம். ஆயினும் நம் வாழ்வு அப்பாதையோடு பிணைந்தது. 1867-இல் கண்டியை அடைந்த புகையிரதம், 1884-இல் அட்டனுக்கும் 1885-இல் நானுஓயாவுக்கும் ஏறி, 1924-இல் பதுளையைத் தொட்டது. கோப்பிக்காக எண்ணப்பட்ட பாதை, கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையைச் சுமந்தது. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையது. இவற்றையெல்லாம் கொழும்புப் பிளாட்டே நிறுவனம் போன்றோர் அஞ்சலட்டைகளில் அச்சிட்டுக் கடல்கடந்து அனுப்பினர். அவ்வட்டைகளில் பாலம் தெளிவாகத் தெரியும்; பாலத்தடியில் நிற்கும் தொழிலாளி அளவு காட்டுவதற்கு நிறுத்திய கோல்போலத் தெரிவான். படக்கருவி அன்று எவர் கையில் இருந்ததோ, அவர் கண்ணுக்குப் பட்டதே எஞ்சிற்று.

1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைக் குறித்து 1974-இல் மற்றோர் உடன்பாடு வந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக, அட்டன், தலவாக்கலை முதலிய நிலையங்களில் குடும்பங்கள் பிரிந்தன. ஒரே வயிற்றிற் பிறந்த அண்ணன் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறினான். தம்பி மேடையில் நின்றான். நம் மக்கள் வரலாற்றில் இவற்றினும் பெரிய காட்சி எது? அம்மேடைகளில் எடுத்த படங்கள் என் பார்வைக்கு வந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கன. இன்று ஒவ்வொரு லயத்திலும் படக்கருவி உண்டு. அன்று ஒன்று இருந்திருந்தால் என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

இடையே ஒரு சொல். புகையை விட்டொழித்துப் பல்லாண்டு ஆகியும் நாம் இதனைப் புகையிரதம் என்றே அழைக்கிறோம். கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா தந்த டீசல் இயந்திரங்கள் 1954-இலேயே வந்துவிட்டன. அவற்றிற்கு ஒன்றாரியோ, அல்பேட்டா என அந்நாட்டு மாகாணப் பெயர்களும் இட்டனர். சொல் மட்டும் நீராவியிலேயே நிற்கிறது. பண்டிதர்கள் திருத்த முனையவேண்டா. கோச்சி என்ற சொல்லே போதும்.

இனிக் குற்றச்சாட்டு. ஓடும் வண்டியின் வாயிலில் வெளியே தொங்கிப் படமெடுத்து உயிரிழந்தோர் உளர். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் தண்டவாளத்தின்மீதே கூட்டம் நிற்பதுண்டு. இவர்கள் படமெடுப்பது வண்டியை அன்று, தம்மையே. மேடையில் ஓரிடத்தில் அமைதியாக நிற்பவன் வேறு. அவனை இவர்களோடு ஒருங்கு வைத்து விரட்டுதல் அறியாமை. நிலைய அதிபரிடம் கேட்டுக்கொண்டு, மேடையின் விளிம்பைவிட்டு விலகி நிற்கக் கற்பிப்பதே நம் கடன்.

2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலையகப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. மண் சரிந்து, தண்டவாளம் அடித்தளமின்றித் தொங்கியதைப் படங்களிற் கண்டோம். சரிவுக்கு முன் அக்கரை எவ்வாறிருந்தது, நீர் எவ்வழி ஓடிற்று என்று அறிய விரும்புவார்க்கு, விளையாட்டாக எடுத்த பழைய படங்களும் இப்போது சான்றாகும். ஆனால் நாளும் இடமும் குறியாத படம் சான்றாகாது. நம் இளைஞர் பலர் படத்திற்குப் பாட்டொன்றைச் சேர்க்கின்றனர். இயந்திரத்தின் ஒலி அதில் அமிழ்ந்துபோகிறது. பாட்டை நீக்கி, நிலையம், நாள், வண்டியின் பெயர் மூன்றையும் தமிழில் எழுதுமாறு மாணவரிடம் சொல்லி வருகிறேன். கொழுந்துச் சாக்குடன் மேடையோரம் நிற்கும் அம்மாளையும், ஒற்றைப் பாதைக்கு அனுமதியாக ஓட்டுநரிடம் வளையத்தை நீட்டும் ஊழியரையும், அவர்கள் இசைந்தால், சேர்த்தே எடுக்கலாம்.