தெருவுக்கொரு மறைநூல் வட்டம்



ஞாயிறு திருப்பலியில் இறைவார்த்தை நம் தாய்மொழியிலேயே ஒலிக்கின்றது. ஆயினும் வீடு திரும்புவதற்குள் அது பலருடைய நெஞ்சைவிட்டு நழுவிவிடுகின்றது. ‘கூடியிருந்து மறைநூலைக் கற்க ஆவல்தான், ஆனால் எங்கள் தெருவில் அத்தகைய வழக்கமே இல்லையே, எங்கிருந்து தொடங்குவது?’ என்று வினவுவோர் உளர்.

விடை தேடி விழுப்புரத்தார் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1965 நவம்பர் 18ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, மறைநூலை வாசிப்பது குருக்களுக்கு மட்டும் உரிய கடமையன்று, பொதுநிலையினர்க்கும் உரியது என வலியுறுத்திற்று. அவ்வழியில் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உழைத்ததன் பயனாக, 1995இல் திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதனை வெளிக்கொணர்ந்த விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையம் அமைந்தது நம் திண்டிவனத்திலேயே. ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை அதில் உண்டு; ஆசிரியர் இல்லாத குழுவுக்கு அம்முன்னுரையே முதல் ஆசிரியர்.

ஐந்தாறு குடும்பங்கள் போதும். பங்குக் குருவிடம் முன்னரே சொல்லி, அவருடைய ஆசியுடன் தொடங்குங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் என வரையறுத்துக்கொள்ளுங்கள். நற்செய்திகளுள் சிறியது மாற்கு, அதிகாரங்கள் 16. வாரம் ஒன்றாக வாசித்தால் நான்கு மாதங்களில் ஒரு நற்செய்தியை முழுமையாய்க் கற்றிருப்பீர்கள். ஒருவர் உரக்க வாசிக்கட்டும். சற்றுநேரம் மௌனம் நிலவட்டும். பின்னர் ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைத் தொட்டதைச் சொல்லட்டும். எழுத்தறியாத பாட்டியும் பேச இடம் வேண்டும்; படித்தவர் ஒருவரே நீண்ட பிரசங்கம் செய்தால் குழு விரைவில் கலைந்துவிடும். விளங்காத பகுதியைப் பற்றி வாதாடாமல், குறித்துவைத்துக் குருவிடமோ உபதேசியாரிடமோ கேட்டறியுங்கள்.

பலகாரமும் காப்பியும் வேண்டா. ஒரு வீட்டில் வடையும் கேசரியும் பரிமாறப்பட்டால், அடுத்த முறைக்குரிய ஏழை வீட்டார் நாணி ஒதுங்குவர். குடிக்கத் தண்ணீர் போதும்.

யார் வீட்டில் கூடுவது என்பதே மெய்யான சோதனை. தொடக்கத் திருச்சபை பிரிஸ்கா, அக்கிலா போன்றோரின் வீடுகளிலேதான் கூடிற்று. அங்கே அடிமையும் ஆண்டையும் ஒரே அப்பத்தைப் பகிர வேண்டியிருந்தது. நம் மறைமாவட்டத்தின் எறையூரிலோ சாதிப் பிளவு 2008இல் மோதலாய் வெடித்து, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரே பீடத்தில் நற்கருணை உட்கொள்ளும் நாம், ஒருவர் வீட்டுத் திண்ணையில் மற்றவர் அமரத் தயங்கினால், வாசிக்கும் வார்த்தையால் விளையும் பயன் யாது? ஆதலின் கூட்டம் ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் முறைவைத்துச் செல்லட்டும். முதல் கூட்டமே காலனியில் அமைந்தால் இன்னும் நன்று. சிலர் வராமல் நின்றுவிடக்கூடும். அதற்கு அஞ்சி முறையை மாற்ற வேண்டா. அவர்களுக்காகச் செபித்து, வாரந்தோறும் அழைத்துக்கொண்டேயிருங்கள்.

ஆண்டின் பொதுக்காலம் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக 2019இல் ஏற்படுத்தினார் திருத்தந்தை பிரான்சிஸ். அந்நாள்வரை காத்திருக்க வேண்டா. வரும் ஞாயிறு பூசை முடிந்ததும், இதுவரை நீங்கள் வீட்டுக்கு அழைத்திராத ஒரு குடும்பத்தாரிடம் முதலில் பேசுங்கள்.