சிறுநீரக நோயாளிக்குக் கோழியிறைச்சி: தடையா, அளவா?

சிறுநீரகம் பழுதுற்றது என்று அறிந்தவுடன் நோயாளியின் இலையிலிருந்து முதலில் அகற்றப்படுவது கோழியிறைச்சியே. உறவினர் மட்டுமன்றி, கிராமப் பணியாளர் சிலரும் இவ்வறிவுரையை எல்லோர்க்கும் ஒன்றுபோல் வழங்கி வருகின்றனர். இப்பொதுத் தடை சிலருக்குத் தீங்கு விளைவிப்பது என்பதே எமது கருத்து.

புரதம் உடலிற் சிதையும்பொழுது யூரியா முதலிய கழிவுகள் உண்டாகின்றன. அவற்றை வெளியேற்றும் ஆற்றல் குன்றியவர், டயாலிசிஸ் தொடங்காத நிலையில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை புரதம் கொண்டால் போதும். டயாலிசிஸ் செய்துகொள்பவர் நிலையோ இதற்கு மாறானது. அச்சிகிச்சையில் கழிவுகளோடு அமினோ அமிலங்களும் வெளியேறிவிடுகின்றன. ஆதலின் அவருக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு முன்னது 36 முதல் 48 கிராம். பின்னது 60 முதல் 72 கிராம்.

எலும்பு நீக்கிச் சமைத்த கோழியிறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 27 கிராம் புரதம் உண்டு. முன்னவர்க்கு அது ஒரு நாளைய அளவிற் பாதிக்கு மேலாகும். சோறும் பருப்பும் தரும் புரதத்தையும் கூட்டினால் அளவு மிஞ்சிவிடும். அவர் 30 கிராம் அளவுள்ள சிறு துண்டு ஒன்றை உண்டு, அன்று பருப்பைக் குறைத்துக்கொள்ளலாம். பின்னவர்க்கோ கோழியிறைச்சி நல்லுணவு. 2016இல் பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டம் தொடங்கப்பெற்றபின் மாவட்ட மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை கிடைக்கின்றது. சிகிச்சை தொடங்கியபின் பழைய கட்டுப்பாடு பொருந்தாது என்பதை எடுத்துரைப்பார் இல்லையெனில், நோயாளி தசை கரைந்து மெலிவார்.

சமைக்கும் முறையிலும் கருத்துச் செலுத்துதல் வேண்டும். 'சாறு இலேசானது' என்று எண்ணி இறைச்சியை நீக்கிச் சாற்றை மட்டும் கொடுப்பது தவறு. பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஓரளவு அச்சாற்றில்தான் கரைந்து நிற்கின்றன. துண்டுகளை நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பதே முறை. தக்காளியும் தேங்காயும் பொட்டாசியத்தைக் கூட்டுவன. உப்பு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் அடங்கவேண்டும். சோடியம் குறைந்தது என விற்கப்படும் உப்பிற் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால், அதனை மருத்துவரைக் கேளாமற் கொள்ளலாகாது. பதப்படுத்திய இறைச்சி வகைகளிற் சேர்க்கப்படும் பாஸ்பேட்டு உப்புக்கள் குடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படுவதால் அவற்றை விலக்குக. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவராதலின், இறைச்சி உள்ளும் புறமும் நன்கு வெந்திருத்தல் இன்றியமையாதது.

பணியாளர் முதலிற் கேட்கவேண்டியது, நோயாளி டயாலிசிஸ் செய்துகொள்கின்றாரா என்பதே. அடுத்து, மருத்துவர் குறித்த புரத அளவு எவ்வளவு என்று கேட்டறிக. ஆசிரியர்கள் 30 கிராம் இறைச்சி எவ்வளவு என்பதைத் தராசில் நிறுத்துக் காட்டலாம். மேற்கூறிய அளவுகள் பெரியவர்க்கே உரியன. வளரும் பிள்ளைகளுக்குப் புரதத் தேவை மிகுதியாதலால், நோயுற்ற மாணவனுக்கு அவற்றை விதித்தல் கூடாது. 'உண்ணாதே' என்று சொல்ல ஒரு கணம் போதும். 'இவ்வளவு உண்க' என்று சொல்வதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். அப்பொறுமையே நோயாளிக்கு நாம் செய்யும் உதவி.